தங்கவயலில் வேர் வளரும் காலம்

மரம் என்று சொன்னவுடன் நம் கண்முன் நிற்பவை அடிமரமும் கிளைகளும் இலைகளுமே. தரைக்கு மேலே உள்ள பாதியை நாம் நாள்தோறும் காண்கிறோம். கீழே உள்ள பாதியைப் புயலில் மரம் சாய்ந்த அன்றுதான் காண்கிறோம். கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்கு இந்தக் குறை இருக்காது என்று நண்பர்கள் எண்ணக்கூடும். எங்கள் ஊர் மண்ணுக்கு அடியில் வாழ்ந்த ஊர். 1880இல் ஜான் டெய்லர் குழுமத்தார் தொடங்கிய சுரங்கம், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்படும்போது, சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் மக்கள் அந்த ஆழத்தில் இறங்கி உழைத்தார்கள். ஆனால் வீட்டுப் பின்புறத்துப் புங்கமரத்தின் வேர் எந்த மாதத்தில் வளர்கிறது என்று கேட்டிருந்தால், எங்கள் லைன் வீடுகளில் ஒருவரும் விடை சொல்லியிருக்கமாட்டார்கள். ஒருவரைத் தவிர. அவர் என் ஆயா. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி எனக்குள் எழுந்ததற்கு ஒரு தோல்வி காரணம். தங்கவயலுக்கு வந்திராத நண்பர்களுக்காக முதலில் சயனைடு மேடுகளைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டும். தங்கம் கலந்த பாறையை மாவுபோல் அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுக்கும் முறையை 1887இல் கிளாஸ்கோ நகரத்தவர் கண்டுபிடித்தார்கள். சில ஆண்டுகளில் அது தங்கவயலுக்கும் வந்தது. தங்கம் போனபின் மிஞ்சிய மாவைக் கொட்டிக் கொட்டி, நூறு ஆண்டுகளில் 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு குன்றுகளாக நின்றுவிட்டது. தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அழகாகவே இருக்கும். திரைப்படக்காரர்கள் வந்து படம் எடுப்பதும் உண்டு. மாசி, பங்குனிக் காற்றில் அந்த மாவு பறக்கும்போதுதான் அதன் உண்மை வடிவம் தெரியும். கொடியில் உலர்த்திய துணி சாம்பல் பூக்கும். சோற்றுத் தட்டை மூடிக்கொண்டு உண்ணவேண்டும். இருமல் இல்லாத வீடு அரிது.

மேட்டைச் சுற்றி மரம் வளர்த்தால் தூசி அடங்கும் என்பது நெடுநாளைய பேச்சு. சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், ஒரு விழாவை ஒட்டி அடிவாரத்தில் நாற்பது கன்றுகள் நட்டோம். விழா நடத்தியவர்கள் யார் என்பது இங்குத் தேவையில்லை. குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன். பேச்சு நடந்தது, படம் எடுக்கப்பட்டது, ஒரு வண்டித் தண்ணீரும் ஊற்றப்பட்டது. ‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்பார்கள். வைத்தவர்கள் நாங்களே ஆனதால் அடுத்தவர்மேல் பழிபோட வழியில்லை. சித்திரையில் போய்ப் பார்த்தபோது நாற்பதில் இரண்டே பச்சையாக இருந்தன.

பட்டுப்போன கன்று ஒன்றைப் பிடுங்கினேன். பிடுங்க வலிமையே தேவைப்படவில்லை. வேர்த்தொகுதி, நாற்றுப்பை எந்த வடிவில் இருந்ததோ அந்த வடிவிலேயே, உருளையாக வந்துவிட்டது. மூன்று மாதத்தில் ஒரு வேர்கூடப் பக்கத்து மண்ணுக்குள் ஒரு விரற்கடை நுழையவில்லை. அந்தக் கன்று மண்ணில் நடப்பட்டதே ஒழிய, மண்ணில் வாழவே தொடங்கவில்லை!

வீட்டுக்குக் கொண்டுவந்து ஆயாவிடம் காட்டினேன். அவர் பள்ளிக்குப் போனவர் அல்லர். ஆனால் இளமையில் ஆம்பூர்ப் பக்கத்தில் நிலத்தில் உழைத்தவர். “தை மாசத்துல கடப்பாரையே எறங்காது, வேரு மட்டும் எப்பிடிடா எறங்கும்?” என்று கேட்டார். “ஆடியில வெச்சிருந்தா அது பொழப்ப அதுவே பாத்துக்கும்.”

ஆயாவின் இந்த இரண்டு வாக்கியங்களில் செடிநூல் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைத் தேடிக் காண்பதே என் நோக்கம்.

வேர் நீள்வது அதன் நுனியில்தான். நுனியின் முனையில் வேர்மூடி என்னும் சிறு தொப்பி இருக்கிறது. அதற்குப் பின்னால் புது உயிரணுக்கள் பிறக்கும் இடம். அதற்கும் பின்னால், பிறந்த உயிரணுக்கள் நீரை உறிஞ்சி நீளும் இடம். எல்லாம் சேர்ந்து சில மில்லிமீட்டர்தான். உயிரணுக்குள் நீர் நிறைந்து சுவரை உட்புறமிருந்து தள்ளுகிறது. அந்த அழுத்தமே வேருக்குக் கடப்பாரை. மண்ணில் ஈரம் குறைந்தால் இரண்டு தீமைகள் ஒருங்கே நேர்கின்றன. உள்ளே தள்ளும் அழுத்தம் தளர்கிறது. வெளியே மண் இறுகுகிறது. தங்கவயலின் செம்மண் ஈரத்தில் வெண்ணெய், காய்ந்தால் செங்கல். எனவே வேர் நிற்கிறது. நின்ற நுனி வெண்மை மாறிப் பழுப்பாகிறது. அதன் பின்புறமுள்ள வேர்த்தூவிகள் சுருங்கி உதிர்கின்றன. தலைமயிரினும் மெல்லிய வேர்களில் பல மடிந்தே போகின்றன. மழை வந்ததும் மரம் புதியவற்றைப் படைத்துக்கொள்கிறது. இலையுதிர்வது நமக்குத் தெரிகிறது. ஆண்டுதோறும் மண்ணுக்குள் நடக்கும் வேருதிர்வு தெரிவதில்லை.

நம் பாடநூல்களைத் திறந்தால் வேரின் பருவங்களைப் பற்றி வேறொரு கதை இருக்கும். அக்கதை குளிர்நாட்டுக் கதை. இங்கிலாந்தில் கெண்ட் பகுதியில் ஈஸ்ட் மாலிங் என்னும் பழமர ஆய்வுநிலையம் உண்டு. அங்கே 1960களில் நிலத்துக்குள் அறை கட்டி, கண்ணாடிச் சுவர் வழியே ஆப்பிள், செர்ரி மரங்களின் வேர்களை வாரந்தோறும் அளந்தார்கள். இளவேனிலில் மண் சூடேறியதும் வேர் ஓடத் தொடங்குகிறது. கோடையில் தளிர் விரைந்து வளரும்போது தளர்கிறது. இலையுதிர் காலத்தையொட்டி மீண்டும் ஓடுகிறது. பனிக்காலத்தில் மண் குளிர்ந்ததும் நிற்கிறது. மொட்டு உறங்குவதுபோல் வேருக்குத் தனக்கென ஓர் உறக்கம் இல்லை என்பதும் அத்தகைய ஆய்வுகளால் தெளிந்த உண்மை. மண் கதகதப்பாகவும் ஈரமாகவும் இருந்தால், இலையற்ற மரத்திலும் வேர் வளரும். குளிர்நாட்டில் அதை நிறுத்துவது குளிர். ஏறத்தாழ 5 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே பெரும்பாலான மரங்களின் வேர்கள் நகர்வதில்லை.

தங்கவயலிலோ மார்கழி இரவில்கூட வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இதமான குளிர்தான். ஆகவே குளிர் எங்கள் மரங்களைத் தடுப்பதில்லை. தடுப்பது வறட்சி. கோலார்ப் பகுதியில் ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டரை ஒட்டியது. அதுவும் சீராக வருவதில்லை. மே மாதத்தில் இடியுடன் சில கோடைமழை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மிச்சம் மீதி. செப்டம்பர், அக்டோபரில் பெருமழை. பிறகு வடகிழக்குப் பருவக்காற்றின் ஓரம் கொஞ்சம். சென்னை மரம் ஐப்பசி, கார்த்திகைக்குக் காத்திருக்க, எங்கள் மரம் இரு பருவக்காற்றுகளின் வாசலிலும் கையேந்தி நிற்கிறது. சனவரி முதல் மார்ச்சு முடிய வானம் ஏறத்தாழ மூடிய கைதான்.

ஈஸ்ட் மாலிங்கைப் போல் அறை கட்ட எனக்கு வழியில்லை. வீட்டுப் பின்புறப் புங்கமரத்தின் அருகே இடுப்பளவு குழி வெட்டி, மரத்தின் பக்கமுள்ள சுவரைச் செதுக்கிச் சமப்படுத்தி, பழைய சன்னல் கண்ணாடி ஒன்றைச் சாய்வாக அழுத்தி வைத்தேன். வேர் இருளை விரும்புவது. ஆகையால் கறுப்புத் துணியும் கோணிப்பையும் போட்டு மூடினேன். மேலே தகரம். அண்டை வீட்டார், நான் தங்கம் தேடுவதாகச் சொல்லிச் சிரித்தார்கள். விடுமுறையில் நானும், மற்ற நாள்களில் என் தங்கையும் பார்த்துக் குறித்தோம். இதை ஆய்வு என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஒரே மரம், ஒரே கண்ணாடி. ஆனாலும் கண்டதைச் சொல்லலாம்.

ஏப்பிரலில் கண்ணாடியில் தெரிந்தவை பழுப்பு நூல்களே. மே மாதத்தில் நல்ல மழை ஒன்று பெய்த சில நாள்களுக்குள் மேல்மண்ணில் வெள்ளை நுனிகள் தோன்றின. நாளுக்குச் சில மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணாடியில் மைக்கோடு போட்டே காணமுடிந்தது. ஜூன், ஜூலையில் மழை விட்டு விட்டு வந்தது. வேரும் விட்டு விட்டே சென்றது. ஆவணி பிறந்தபின் வந்த மழைக்குத்தான் கண்ணாடி முழுதும் வெள்ளை வலை பின்னியதுபோல் ஆயிற்று. டிசம்பரில் கண்டதே எனக்குப் பெரிய வியப்பு. மேல்பகுதி அடங்கிவிட்டது; ஆனால் கண்ணாடியின் அடிவிளிம்பில் நுனிகள் இன்னும் வெண்மையாக, நேர்கீழாக இறங்கிக்கொண்டிருந்தன. ஈரம் பின்வாங்கப் பின்வாங்க, வேர் அதன் காலடியைத் தொடர்ந்து போகிறது! இதற்கும் செடிநூலில் விளக்கம் உண்டு. நீர் குறையும்போது முதலில் நிற்பது இலையின் வளர்ச்சி. வேர் நுனியோ அதே வறட்சியில் மேலும் சிலகாலம் வளரும் ஆற்றல் உடையது. இலைக்குச் செல்லாத மாவுப்பொருளும் வேருக்குக் கிடைக்கிறது. மாசியில் கண்ணாடி முழுதும் பழுப்பு.

ஆனால் பங்குனியில் என் கணக்கு தடுமாறியது. கண்ணாடியில் வேர் உறங்கிக்கொண்டிருக்க, மேலே புங்கமரம் பளபளக்கும் இளந்தளிர் விட்டது! வேம்பும் அப்படியே. சித்திரை முதல்நாள் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைக்கிறது என்றால், ஆண்டிலேயே மண் மிகவும் காய்ந்த வேளையில் வேம்பு பூக்கிறது என்றுதானே பொருள்? நாம் அந்தப் பச்சடியை எத்தனை ஆண்டு உண்டிருப்போம்; இந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்டிருப்போமா? மழைக்கு முன்பே தளிர்ப்பது இந்தியா முதலான வறண்ட வெப்பநாட்டு மரங்கள் பலவற்றின் இயல்பு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? முதிர்ந்த இலைகளைக் கொட்டிவிட்டதால் மரத்தின் நீர்ச்செலவு குறைகிறது. அடிமரம் மெல்ல நிறைகிறது. நிறைப்பது, என் கண்ணாடிக்கு மிகக் கீழே, ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆழவேர்கள். நான் பார்த்தது மரத்தின் மேல்மாடியை மட்டுமே.

அடிமாடி எவ்வளவு ஆழம் என்பதற்குச் சுரங்கங்களே சான்று தந்திருக்கின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகருக்கு அருகே திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றை வெட்டியபோது, 53 மீட்டர் ஆழத்தில் உயிருள்ள வேர்கள் தென்பட்டதாக 1963இல் எழுதினார்கள். அவை நம் சீமைக் கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்தவை என்று கருதப்பட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி என்னும் தங்கவயல் உண்டு. அப்பகுதியில் முப்பது மீட்டருக்கும் கீழே தங்கம் புதைந்திருந்த இடத்தில் நின்ற தைலமரங்களின் இலைகளில், நுண்ணிய தங்கத்துகள்கள் இருப்பதை 2013இல் அந்நாட்டு அறிவியலார் எக்ஸ்-கதிர் கொண்டு காட்டினார்கள். வறட்சியில் நீரைத் தேடி இறங்கிய வேர் தங்கத்தையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. இதை வீட்டில் சொன்னபோது என் பெரியப்பா, “ஷிப்டு இல்லாம, சம்பளம் இல்லாம எறங்குதே!” என்றார். கனவு காணவேண்டாம், நண்பர்களே. ஒரு மோதிரத்துக்கு நூற்றுக்கணக்கான மரங்கள் வேண்டுமாம்.

தைலமரத்தின் பேச்சு வந்ததால் கசப்பான ஒன்றையும் சொல்லியாகவேண்டும். பெங்களூரிலிருந்து கோலாருக்கு வரும் வழியில் ஹொசகோட்டே இருக்கிறது. அங்கே விளைநிலத்தில் வைத்த இளந்தைலமரத் தோப்பு ஒன்றை ஆங்கிலேய, இந்திய அறிவியலார் சேர்ந்து அளந்தார்கள். முடிவுகள் 1990களில் வெளிவந்தன. மூன்று ஆண்டுகளில் பெய்த மழை ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர். தோப்பு செலவிட்ட நீரோ ஏறத்தாழ 3,400 மில்லிமீட்டர். வரவைவிடச் செலவு மிகுதி! ஆண்டுக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் கீழிறங்கிய வேர்கள், பல காலமாக ஆழமண்ணில் சேர்ந்திருந்த ஈரத்தை எடுத்துச் செலவழித்ததே காரணம் என்று கண்டார்கள். கோலார் மாவட்டத்தின் கிணறுகள் வற்றியதற்குத் தைலமரம் ஒன்றையே குற்றக்கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. ஆழ்துளைக் கிணறுகளுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. எனினும் 2017இல் கருநாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடைசெய்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகள் இருந்தன. கோடையில் நில்லாது இறங்கும் வேரை நாம் புகழ்வதும் பழிப்பதும், அது எங்கே எதைக் குடிக்கிறது என்பதைப் பொறுத்ததே.

ஆழவேர் குடிக்க மட்டும் செய்வதில்லை. இரவில் இலைத்துளைகள் மூடியபின், ஈரமான அடிமண்ணிலிருந்து நீர் வேர்வழியே ஏறி, காய்ந்த மேல்மண்ணில் கசிவதை 1987இல் அமெரிக்கப் புதர்ச்செடி ஒன்றில் ரிச்சர்ட்சு, கால்டுவெல் ஆகிய இருவர் விளக்கினார்கள். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாக, மேல்மண்ணின் நீர் வேர்க்குழாய்கள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பெங்களூர்ப் பக்கத்தில் மிகுதியாகக் காணும் சில்வர் ஓக் மரத்தில் கென்யாவில் இதை அளந்து 1998இல் வெளியிட்டார்கள். வேர் வளராமல் நிற்கும் காலத்திலும் வேலையில்லாமல் இருப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

இனி நம் மேட்டுக்குத் திரும்புவோம். தையில் நட்ட கன்று, உருளையாகப் பட்டுப்போனதன் காரணம் இப்போது தெளிவு. மேல்மண்ணில் வேர் வளரும் காலம் முடிந்த வேளையில் அதை மேல்மண்ணில் வைத்தோம். கீழே இன்னும் ஈரம் இருந்தது. ஆனால் கன்றுக்கும் அந்த ஈரத்துக்கும் நடுவே ஒரு முழம் காய்ந்த மண். ஒரு வண்டித் தண்ணீர் பையளவு மண்ணை மட்டும் நனைத்தது. வேரும் பையளவிலேயே நின்றது. ஆடியில் நட்டிருந்தால் மழையோடு வேர் வெளியே வந்திருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் பரவியிருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஈரத்தைத் துரத்திக் கீழே இறங்கியிருக்கும். மாசிக் காற்று வரும்போது அதன் ஒரு காலாவது ஈரத்தில் ஊன்றியிருக்கும். ஆயாவின் ‘பொழப்பு’ என்பது இதுவே.

மேட்டு மண்ணுக்கு வேறு நோய்களும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும்; ஆனால் அரைத்த பாறை மாவில் மக்கு இல்லை, தழைச்சத்து இல்லை. கந்தகம் கலந்த கனிமங்கள் காற்றுப்பட்டுப் புளிப்பாகின்றன. ஆர்செனிக்கு முதலிய நஞ்சுகளும் இருக்கின்றன. மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு படிந்து வழிந்தோடிவிடும். வேருக்கு உதவும் பூசண இழைகளும் அதில் இல்லை. ஆகவே பருவம் ஒன்றைச் சரிசெய்தால் எல்லாம் பச்சையாகிவிடும் என்று நான் வாக்களிக்கவில்லை. பருவத்தைச் சரிசெய்யாமல் மற்றவற்றைச் செய்வதால் பயனில்லை என்றே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கு வாரத்தில் நண்பர்கள் ஐவர் மீண்டும் நட்டோம். பேச்சும் இல்லை, படமும் இல்லை. மேட்டின்மேல் அல்ல, அடிவாரத்துச் செம்மண்ணில். புங்கம் பதினைந்து, வேம்பு பத்து. புங்கம் அவரைக் குடும்பம். வேர்முடிச்சுகளில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். குழியை முழங்கால் அளவுக்கு மேல் வெட்டி, பழைய புங்கமரத்தடியின் மண்ணை இரண்டு கைப்பிடி போட்டோம். பூசணம் அதனோடு வரும். பையைக் கிழித்து, சுற்றிக்கொண்டிருந்த வேர்களைக் கத்தியால் மூன்று இடங்களில் கீறிவிட்டோம். ஐப்பசி வரை ஒரு குடம் தண்ணீர்கூட நாங்கள் ஊற்றவில்லை.

பொங்கலுக்கு ஊர் சென்றபோது இருபத்தைந்தில் பத்தொன்பது நின்றன. மூன்றை ஆடு தின்றிருந்தது. அதற்குச் செடிநூலில் மருந்தில்லை, முள்வேலிதான் மருந்து. காற்றில் சாய்ந்துவிட்ட புங்கங்கன்று ஒன்றின் பக்கத்தில், வேர் அறுபடாமல் கையாலேயே மண்ணைத் தோண்டினேன். ஒரு சாண் வரை காய்ந்த மண்; வேர் பழுப்பு. முழங்கை புதையும் ஆழத்தில் மண் குளிர்ந்தது. அங்கே நுனி வெள்ளையாக இருந்தது. மண்ணை மூடி அழுத்திவிட்டு, கன்றை ஒரு குச்சியில் கட்டினேன்.

வரும் ஆடியில் இன்னும் ஐம்பது குழி வெட்டவேண்டும். தங்கவயல் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறீர்கள். மண்வெட்டி நான்கு வீட்டில் இருக்கின்றன. கடப்பாரை ஒன்றுதான் உள்ளது, இருப்பவர்கள் கொண்டுவருக.